விஸ்கான்சினில் மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள்: துப்பாக்கியே தொட்டிராதவர் எப்படி ஆயத்தமாவது?

பிறை நதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு மாநிலம் பிறையில் வசிப்பவன். என் அக்காளும் அத்தானும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். இவ்வாண்டு தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு, நவம்பர் நடுவில் மூன்று வாரத்துக்கு அங்கே போகிறேன். அந்த மாநிலத்தில் மானைத் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவம் நன்றி நவிலும் நாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நீடிக்குமாம்; 2026இல் அது நவம்பர் 21ஆம் தேதி விடியலில் தொடங்குகிறது என்று அத்தான் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த முதல் நாளைத் தவறவிடாதவர் அவர். இம்முறை என்னையும் உடன் வரச் சொல்கிறார்.

போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. என் தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அங்கே காட்டுப்பன்றி வேட்டை நடந்த கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். ஆனால் என் கை இதுவரை ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. குளிர் என்றால் எனக்குத் தெரிந்தது கேமரன் மலைக் குளிர் மட்டுமே.

சுற்றுலா விசாவில் போகும் வெளிநாட்டவர் அங்கே துப்பாக்கி பிடிப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா, வேட்டை உரிமம் கிடைக்குமா என்பது என் முதல் கேள்வி. புறப்படுவதற்கு முன் இங்கிருந்தபடியே நான் எதைப் பழகிக்கொள்ளலாம் என்பது அடுத்தது. பயிற்சிக்காக இணையத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னால் அத்தானுக்கோ பக்கத்துக் காட்டில் இருப்பவருக்கோ ஓர் ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான கவலை. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பியவள். என் கணவரோடு பணிபுரிந்த ஒருவரின் குடும்பப் பண்ணையில் நான்கு பருவங்கள் வேட்டைக்குப் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை முழுவதுமாக எழுதுகிறேன், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் துப்பாக்கி எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான்; உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கிக்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. இணையக் கடையில் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்படி செல்லும் பொருள் ஆகிவிடாது.

இனி அமெரிக்கச் சட்டம். மலேசியருக்கு அங்கே விசா விலக்கு இல்லை என்பதால் நீங்கள் குடியேற்றம் சாராத விசாவில்தான் நுழைவீர்கள். அப்படி நுழைபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது. ஆகவே உரிமத்தை வாங்கிய பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். கொட்டகையில் சும்மா எடுத்துப் பார்ப்பதற்கும், பருவம் தொடங்குமுன் குறி பார்த்துப் பழகுவதற்கும்கூட இதுவே ஒழுங்கு. அத்தான் பாசத்தில் முதல் நாளே கையில் கொடுப்பார். உரிமம் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். மாநிலத்தின் இயற்கை வளத் துறை இணையத்திலும், அத்துறையின் முகவர்களாக உள்ள வேட்டைப் பொருள் கடைகளிலும் உரிமம் விற்கிறது. கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே நேரில் போவது எளிது. வெளியூராருக்குக் கட்டணம் உள்ளூராரை விடக் கூடுதலாக இருக்கும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 1973 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் விஸ்கான்சினில் உரிமம் வாங்க வேட்டைக் கல்விப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவருக்காக வழிகாட்டியுடன் வேட்டையாடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது: 18 வயதுக்கு மேற்பட்ட, தகுதியுள்ள ஒருவர் உங்களுக்கு வழிகாட்டியாகி, வேட்டை முடியும்வரை உங்களுக்குக் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் அவர் ஒருவருக்குத்தான் வழிகாட்ட முடியும். உங்களுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்; உங்கள் விசா விவரத்தையும் சேர்த்துத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளும்படி அத்தானிடம் சொல்லுங்கள். இதன் பொருளை அத்தானும் உணர்ந்திருக்க வேண்டும். உங்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவர் வேறு மரத்துக்குப் போக முடியாது. பல ஆண்டுகளாகத் தனக்கென்று ஓர் இடம் வைத்திருப்பவருக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல். இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

உடையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஒன்பது நாளும் இடுப்புக்கு மேல் அணியும் வெளியாடையில் பாதிக்குக் குறையாமல் பளிச்சிடும் ஆரஞ்சு நிறமோ இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி அந்த நிறமாக இருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி வேட்டை உரிமம் வாங்குகிறார்கள், அவர்களில் மிகப் பலர் முதல் நாள் காலையில் ஒரே நேரத்தில் காட்டில் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும். மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவது போலத் தெரிவதில்லை. அசைவைத்தான் அது முதலில் பிடிக்கும். அதற்கும் முன்னால் வாடையைப் பிடிக்கும். ஆகையால் காற்று மான் வரும் திசையிலிருந்து உங்கள் முகத்துக்கு வீசும்படியான இடத்தில் உட்கார வேண்டும்.

குளிரில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். முதல் ஆண்டு எல்லாச் சட்டைகளையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, இருட்டில் அரை மணி நேரம் வயல் வரப்பு வழியாக நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது முதுகு வேர்த்திருந்தது. உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அந்த வேர்வை குளிர்ந்து, பல் கிட்டிப்போய், எட்டு மணிக்கெல்லாம் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மெல்லிய கம்பளி உள்ளாடையோடு மெதுவாக நடந்து, கனமான மேலாடையைப் பையில் சுமந்துபோய் இடத்தில் வைத்துப் போட்டுக்கொண்டேன். பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலணி இறுக்கமாக இருந்தால் எத்தனை காலுறை போட்டாலும் விரல் மரத்துப்போகும். உட்காரும் இடத்தில் பாதத்துக்கடியில் ஒரு துண்டு நுரைப்பாய் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னதாகத் தொடங்குகிறது. நவம்பர் 21 அன்று மேடிசன் வட்டாரத்தில் உதயம் ஏறக்குறைய 7 மணி. அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நீங்கள் இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். பலர் மரத்தின்மேல் பரண் கட்டி அமர்வார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுவதும் பிணைக்கும் பாதுகாப்பு வாரை மரத்தோடு இணைத்திருக்க வேண்டும். இரு கை இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் பதிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி, நீங்கள் மேலே அமர்ந்த பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். உறைபனி படிந்த ஏணிப்படி சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். முதல் முறையாகப் போகிறவர் தரையில் மறைப்புக் கூடாரத்துக்குள் இருப்பதே மேல் என்பது என் கருத்து. கை எட்டும் தூரத்தில் இருவர் இருக்க அதுவே வசதி.

எந்த மானைச் சுடலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளைவால் மானில் கொம்புள்ளது என்று கணக்கிட, ஒரு கொம்பாவது மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொம்பில்லாததைச் சுடுவதற்கு அந்தந்த வட்டாரத்துக்கு உரிய தனி அனுமதி தேவை. காதுக்கும் கொம்புக்கும் வேறுபாடு தெரியாத அரையிருட்டில் விரலை விசைக்குக் கொண்டுபோகவே கூடாது.

பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ்ப்பாதியில் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. அங்கே மட்டும்தான் சுட வேண்டும். ஓடும் மானை விட்டுவிடுங்கள். தலையை நேராக நம் பக்கம் திருப்பி நிற்பதையும் விட்டுவிடுங்கள். பட்டவுடன் எழுந்து ஓடக் கூடாது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஒரு மரத்தையோ புதரையோ வைத்து மனத்தில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு போய் இரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த வெளிர்சிவப்பு நுரையீரலில் பட்டதைக் காட்டும். கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். இரத்தத்தோடு பச்சையாகத் தீனி கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, பல மணி நேரம் பொறுக்க வேண்டும். காயம்பட்டுப் படுத்த மானைத் துரத்தினால் அது எழுந்து நெடுந்தூரம் போய், எவர் கைக்கும் கிடைக்காமல் வதைபட்டுச் சாகும். என் மூன்றாம் பருவத்தில் அப்படி ஒன்றை மாலை வரை தேடியும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மான் கிடைத்தவுடன் அங்கேயே குடலை எடுத்து உடலைக் குளிரவிட வேண்டும். எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் துறையிடம் பதிய வேண்டும். அடுத்தது நோய்ச் சோதனை. மானின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. பிரையான் என்னும் புரதத்தால் வருவது என்பதால் சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. தலையைச் சேகரிப்பு மையத்தில் கொடுத்தால் கழுத்து நிணநீர் முடிச்சுகளை எடுத்து இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் தனியாக, பெயர் எழுதி வைத்திருங்கள். அக்காள் ஆசையாகக் குழம்பு வைக்க அவசரப்பட்டாலும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இங்கிருந்தபடியே பழகக்கூடியது அசையாமல் உட்காருவது. நீங்கள் பிறையில் இருக்கிறீர்கள். புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தொக்குன் காடு பக்கம்தான். விடியுமுன் போய், கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தோட்டத்துப் பெரியவர் எழுதியது:

வணக்கம். சகோதரி எழுதியதில் நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அமெரிக்கா நான் பார்க்காத நாடு. கெடாவில் சுங்கை பட்டாணிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்து, பின்னாளில் செம்பனைக் கன்றுகளைப் பன்றியிடமிருந்து காப்பதற்காக உரிமம் பெற்று, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை இருபது ஆண்டுகள் வைத்திருந்தவன் என்ற முறையில் துப்பாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். என் மாமாவும் வேறு மூவரும் விடியற்காலையில் பன்றிக்குப் போனார்கள். நாய்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். ஓடைக்கரையில் லாலான் புல் ஆளுயரம் நின்றது. நாய் குரைத்தது, புல் அசைந்தது, மாமாவுக்கு இடப்பக்கம் நின்றவர் சுட்டார். புல்லுக்குள்ளிருந்து வந்தது மனிதக் குரல். எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர், மரம் சீவப் போகிற வழியில் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு ஓடையில் கால் கழுவ இறங்கியிருக்கிறார். ரவைகள் தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் பாய்ந்திருந்தன. உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பின் அவர் மேட்டு நிரைகளில் ஏற முடியாமல், கடைசி வரை பால் கொட்டகையில் வாளி கழுவும் வேலையே செய்தார். சுட்டவர் நல்ல மனிதர். பன்றி என்று எண்ணினார், அவ்வளவுதான். அவர் பார்த்தது புல் அசைந்ததை மட்டும்.

அங்கே பாடம் நடத்துகிறவர்கள் சொல்லும் நான்கு விதிகளை நான் படித்திருக்கிறேன். எங்கள் பெரியவர்கள் சொன்னதும் அதுவே. எந்தத் துப்பாக்கியானாலும் தோட்டா ஏறியதாகவே கருது. குழலை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வை. எதைச் சுடுகிறாய் என்பதையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் உறுதியாகக் கண்டுகொள். சுடுகிற கணம் வரை விரலை விசைக் காப்புக்கு வெளியே வை. மூன்றாவது விதியை நீங்கள் இன்னும் கொஞ்சம் விரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ரவை ரைஃபிள் தோட்டாவை விடக் குறுகிய தூரத்திலேயே வலுக் குன்றிவிடும். அங்கே மானுக்குப் பயன்படுத்தும் ரைஃபிள் தோட்டா மானைத் தவறினால் மைல் கணக்கில் போகும். மேட்டின் விளிம்பில், வானம் பின்னணியாகத் தெரிய நிற்கும் மானை ஒருபோதும் சுடக் கூடாது. மானுக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும்.

போன அன்றே அத்தானோடு அந்த நிலத்தைப் பகலில் நடந்து பாருங்கள். வேலி எங்கே, பக்கத்துப் பண்ணை வீடு எந்தத் திசையில், சாலை எங்கே, பக்கத்து நிலத்துக்காரர் வழக்கமாக எங்கே உட்காருவார் என்று கேட்டு, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து எந்தக் கோணத்துக்குள் சுடலாம், எந்தப் பக்கம் குழல் திரும்பவே கூடாது என்பதை அங்கேயே நின்று முடிவு செய்யுங்கள். இருட்டில் போய்ச் சேர்ந்த பிறகு இதைத் தீர்மானிக்க முடியாது.

ஒரு கையில் துப்பாக்கியோடு வேலி தாண்டாதீர்கள். தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை வேலிக்கடியில் தரையில் வைத்துவிட்டு நீங்கள் தாண்டி, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறுமுன்னும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் இரவு அங்கே கூட்டம் கூடி விருந்து நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் குடிப்பவராக இருந்தால் அன்று வேண்டாம்.

இங்கே மானைச் சுடுவதைப் பற்றி இளைஞர்கள் சிலர் கேட்பதுண்டு என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். தீபகற்பத்தில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் வழங்குவதை வனவிலங்குத் துறை 2009இல் நிறுத்தியது; பின்னர் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. நம் காடுகளில் கடமான் குறைந்துபோனது. அதை நம்பி வாழும் மலாயாப் புலி 150க்கும் குறைவாக எஞ்சியிருப்பதாக 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அங்கே மான் பெருகி, ஆண்டுதோறும் எண்ணிக்கையைப் பார்த்து வட்டாரவாரியாக அனுமதி வழங்குகிறார்கள். அந்த நாட்டு வழக்கத்தை அந்த நாட்டோடு விட்டுவிட்டு வர வேண்டும்.

பட்டர்வொர்த் பயணி எழுதியது:

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வேட்டைக்கு உங்கள் சொந்த மேலாடையையோ முதுகுப்பையையோ எடுத்துப் போகாதீர்கள். அத்தானுடையதை இரவல் வாங்கி, முடிந்ததும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு தோட்டா பையின் மூலையில் தங்கி, இங்கே சோதனையில் அகப்பட்டால், மறந்துவிட்டேன் என்பதைக் கேட்டு அனுப்பிவிட மாட்டார்கள். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நினைவுக்காகச் சுட்ட வெற்றுத் தோட்டாவைக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

இறைச்சியும் அப்படித்தான். உலர்த்தியதோ உறையவைத்ததோ, முன் அனுமதி இல்லாமல் இறைச்சி கொண்டுவரக் கூடாது. கொம்பு ஆசை வந்தாலும் இங்குள்ள வனவிலங்குத் துறையிடமும் தனிமைப்படுத்தல் துறையிடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். புகைப்படம் போதும்.

பிறை நதிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் எழுதியதைப் படித்துவிட்டு அன்றிரவே அத்தானை அழைத்தேன். உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. விசா பற்றிய இந்த விதியைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும், நான் வந்து இறங்கிய மறுநாளே கடைக்குப் போய்விடலாம் என்றும் பிறகு சொன்னார். தம்முடைய பழைய பரணை இந்த ஆண்டு மகனுக்குக் கொடுத்துவிட்டு, சோளக்கொல்லை ஓரத்தில் தரைக் கூடாரம் ஒன்று அமைத்து, இருவரும் ஒரே ஒரு துப்பாக்கியோடு அமர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் துப்பாக்கி அவர் கையில் இருக்கும். பார்ப்பது என் வேலை.

நேற்று விடியலில் செரோக் தொக்குன் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கொசுவைத் தவிர முதல் அரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு எனக்குப் பின்னால் சருகில் ஒரு சத்தம் கேட்டது; ஏதோ பெரிய மிருகம் நடந்து வருவதாகவே நினைத்தேன், நெஞ்சு படபடத்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தால், என் கை நீளம்கூட இல்லாத ஓர் அரணை சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. லாலான் புல் அசைந்ததாகப் பெரியவர் எழுதிய இடம் அப்போதுதான் எனக்கு முழுவதுமாக விளங்கியது. அங்கே உலர்ந்த இலை கால் புதையக் கிடக்குமாமே. அந்தச் சத்தத்தில் எது மான், எது வேறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

அங்கே அந்த வேலையைச் செய்வது அணில். ஓக் மரத்தடியில் அணில் ஒன்று ஓடினால் எருமை வருவது போலக் கேட்கும். தாவித் தாவிப் போய்ச் சட்டென்று நிற்கும், மீண்டும் தாவும். மான் நடப்பது அப்படி இல்லை. இரண்டு மூன்று அடி வைக்கும், நிற்கும், நெடுநேரம் நிற்கும், அது போய்விட்டது என்று நீங்கள் எண்ணும்போது இன்னும் ஓரடி வைக்கும். பனி ஈரத்தில் இலை நமுத்திருந்தால் எந்தச் சத்தமும் கேட்காது. நிமிர்ந்து பார்க்கும்போது முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும். சத்தம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பாமல் முதலில் கண்ணை மட்டும் திருப்புங்கள். முழு மான் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; காதின் ஓரம், கால் ஒன்று, மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, இப்படித்தான் முதலில் தெரியும். காட்டில் மற்றதெல்லாம் செங்குத்தாக நிற்க, படுக்கைவசமாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே பாருங்கள். பார்ப்பதற்கு இருவிழித் தொலைநோக்கியைப் பயன்படுத்துங்கள். துப்பாக்கியின் தொலைநோக்கியைக் கொண்டு எதையும் தேடக் கூடாது, ஏனென்றால் நீங்கள் பார்ப்பது ஒரு மனிதனாக இருந்தால் குழல் ஏற்கெனவே அவரை நோக்கி இருக்கும். உறைகுளிரில் மூச்சுக் காற்று கண்ணாடியில் பட்டால் மங்கிவிடும்; முகத்தைத் துணியால் சுற்றும்போது மூச்சு கீழே போகும்படி சுற்றிக்கொள்ளுங்கள்.

இருவர் ஒரே கூடாரத்தில் இருக்கப் போகிறீர்கள். அதனால் பேசாமல் சொல்லிக்கொள்ளும் முறையை இப்போதே தொலைபேசியில் முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் வைத்திருந்தது எளிமையானது: முழங்காலில் ஒரு தட்டு என்றால் ஏதோ இருக்கிறது, அசையாதே, இரண்டு தட்டு என்றால் மான்தான், நான் தெளிவாகப் பார்த்துவிட்டேன், உள்ளங்கையை அழுத்தி வைத்தால் வேண்டாம், சுடாதே. அழுத்திய கையை எடுக்கும்வரை, காரணம் கேட்காமல், துப்பாக்கி வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டும். கனமான கையுறை போட்டிருந்தால் தட்டுவது தெரியாமல் போகலாம் என்பதால், முழங்காலுக்குப் பதிலாக மணிக்கட்டை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.